அழகர் இறங்குகிற வாரத்தில் பிரசவத் தேதி: பையில் என்னதான் வைப்பது?

அப்பன்திருப்பதி பொண்ணு

அக்காக்களுக்கு வணக்கம். எனக்குத் தலைப்பிரசவம், 35 வாரம் முடிந்துவிட்டது. வளைகாப்பு முடிந்த கையோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். ரத்தக்கொதிப்பு கொஞ்சம் கூடுதலாக இருப்பதால் கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்கே போய்விடுங்கள் என்று இங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

குறித்த தேதி சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள். மதுரைக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கள்ளழகர் எங்கள் ஊர் வழியாகத்தான் மதுரைக்குப் போவார். மூன்றுமாவடியில் எதிர்சேவை (ஊரே திரண்டு அவரை எதிர்கொண்டு வரவேற்பது), புதூர், தல்லாகுளம், அப்புறம் வைகை ஆறு. ஆற்றில் இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் ஆஸ்பத்திரி. அழகரும் நானும் ஒரே ரோட்டில் ஒரே இடத்துக்குப் போக வேண்டும். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பை விஷயத்துக்கு வருகிறேன். யூடியூப் பார்த்து 42 பொருள் எழுதி வைத்திருக்கிறேன். பால் கொடுக்கத் தனித் தலையணை, ஈரத் துடைப்பான் 3 பாக்கெட், ரோஸ் கலரில் அங்கி, போட்டோ எடுக்க ஒரு குட்டிப் பலகை (அதில் தேதி, எடை எல்லாம் எழுத வேண்டுமாம்). அம்மாச்சி அதைக் கேட்டுவிட்டு, "ஏழு பிள்ளைக்கும் ஒரே பழைய சேலைதான்டி, அதுலயே முடிஞ்சிருச்சு" என்கிறது. வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை, கூப்பிட்டால்தான் வருவார். எதை வைக்கலாம், எதை விடலாம்?

செல்லூர்க்காரி

சக்கரம் வைத்த சூட்கேஸ் மட்டும் வேண்டாம். கட்டிலுக்கு அடியில் போகாது, நடக்கிறவர் காலெல்லாம் இடிக்கும். ஜவுளிக்கடைக் கட்டைப்பை இரண்டு போதும். பலகையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள் :)

திருமங்கலம் மதினி

தங்கச்சி, 42 பொருளா 24 பொருளா என்பதை விடு. அந்தப் பையைத் திறக்கப்போவது நீ இல்லை, அதை நினைத்துக்கொண்டு அடுக்கு. வலி வந்து உன்னை உள்ளே கூட்டிப்போன பிறகு பை வெளியே பெஞ்சில் இருக்கும். நர்ஸ் கதவைத் திறந்து ஏதாவது கேட்பார். வெளியே இருக்கிற ஆள் அதை அரை நிமிடத்தில் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

எனக்கு மூத்தவன் பிறந்தது ஒரு தனியார் மருத்துவமனையில். கல்யாணச் சீர் அடுக்குகிற மாதிரி அடுக்கினேன். ஆறு ஜிப் உள்ள பை, ஒவ்வொரு ஜிப்புக்குள்ளும் குட்டிக் குட்டிப் பைகள். எது எங்கே என்று எனக்கு மட்டும்தான் தெரியும். விடியற்காலை பிள்ளை பிறந்ததும் நர்ஸ் வந்து "பிள்ளைக்குத் துணி கொடுங்க" என்றார். எங்க வீட்டுக்காரர் ஆறு ஜிப்பையும் திறந்து பார்த்துவிட்டு, கடைசியில் பையை அப்படியே வராண்டாவில் கவிழ்த்தார். என் நைட்டி, உள்பாவாடை, நாப்கின் எல்லாம் தரையில். எதிரே என் மாமனார், சின்ன மாமனார், யாரோ இரண்டு பேர். பிள்ளைத் துணி மட்டும் இல்லை. அது என் பவுடர், சீப்பு வைத்த பைக்குள் இருந்தது. ஏன் அங்கே வைத்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

பக்கத்துப் பெஞ்சில் மகள் பிரசவத்துக்கு வந்திருந்த உசிலம்பட்டி அம்மா ஒருவர், தன் கட்டைப்பையிலிருந்து துவைத்து மடித்த பழைய வேட்டித் துண்டை உருவிக் கொடுத்தார். என் மகன் முதலில் சுற்றப்பட்டது யாரோ ஒரு தாத்தாவின் வேட்டியில். திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர்கள் கிளம்பிவிட்டார்கள். அந்தத் துணி இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

இரண்டாவது பிரசவம் அரசு மருத்துவமனையில். அப்போது இப்படிப் பிரித்தேன்:

காகிதத்துக்குத் தனி மஞ்சள் பை. அது அம்மா தோளிலிருந்து இறங்கவே கூடாது. தாய் சேய் நல அட்டை, எல்லா ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், ஆதார் அசலும் இரண்டு மூன்று நகலும், உன் பெயரில் உள்ள வங்கிப் புத்தக நகல். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் என்பதில் 14,000 பணமாக வரும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். பணம் உன் கணக்குக்குத்தான் வரும், வீட்டுக்காரர் கணக்குக்கு வராது. பிக்மியில் (கர்ப்பத்தைப் பதிகிற அரசு இணையதளம்) பதிந்த 12 இலக்க எண்ணை அட்டையின் மேலேயே பெரிதாக எழுதி ஒட்டு. அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைந்த ஆட்களை எனக்குத் தெரியும். பக்கத்திலேயே உன் ரத்தப் பிரிவையும் எழுது.

பிள்ளைக்கு ஒரு கட்டைப்பை. அதில் வேறு எதுவும் வேண்டாம். துவைத்து வெயிலில் காய்ந்த பழைய வேட்டித் துண்டு ஏழெட்டு, முன்னால் முடிச்சுப் போடுகிற சட்டை நாலு, குல்லா, இடுப்புத் துணி ஒரு டஜன். முதலில் சுற்ற வேண்டிய துணியைத் தனியாக ஒரு கவரில் போட்டு மேலாக வை. டயப்பர் சின்ன பாக்கெட் ஒன்று ராத்திரிக்கு இருக்கட்டும். எண்ணெய், சோப்பு, பவுடர் எதுவும் வாங்காதே. அரசு மருத்துவமனையில் பிறக்கிற குழந்தைகளுக்கு 2015இல் ஆரம்பித்த பரிசுப் பெட்டகத்தில் துண்டு, சட்டை, கொசுவலையிலிருந்து உனக்குச் சுண்டி லேகியம் வரை 16 பொருள் இருக்கும்.

உனக்கு ஒரு கட்டைப்பை. முன்பக்கம் ஜிப் வைத்த பருத்தி நைட்டி நாலு, அடர் நிறமாக இருக்கட்டும். ரோஸ் கலர் அங்கியை மறந்துவிடு. ரத்தப்போக்கு முதல் இரண்டு மூன்று நாள் நீ நினைப்பதைவிடக் கூடுதலாக இருக்கும், பெரிய அளவு நாப்கின் இரண்டு பாக்கெட் வேண்டும். உள்ளாடை வழக்கமான அளவைவிட ஒரு அளவு பெரிதாக. ஆபரேஷன் ஆகிவிட்டால் தையல் மேல் எலாஸ்டிக் உரசினால் உயிர் போகும், அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு பழைய சுங்குடிச் சேலையும் வை. போர்த்தலாம், விரிக்கலாம், பால் கொடுக்கும்போது மறைக்கலாம். மதுரையில் பிறந்துவிட்டு பால் கொடுக்கத் தனி மேலங்கி எதற்கு?

நாலாவது, கூட இருக்கிறவர்களுக்கான ஒயர் கூடை. இதை யாரும் எழுதுவதில்லை. பாய், போர்வை, பிளாஸ்க், தட்டு, டம்ளர், உன் அம்மாவுடைய பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, சில்லறை, ஒரு விசிறி. சித்திரை வெயிலில் வராண்டாவில் உட்கார்ந்து பார்த்தால் விசிறியின் அருமை தெரியும்.

நகையெல்லாம் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போ. தாலிச் சங்கிலிக்குப் பதில் மஞ்சள் கயிறு. கண்ணாடி வளையலையும் கழற்றத்தான் சொல்வார்கள், கையில் ஊசி ஏற்ற வேண்டும் இல்லையா.

ஓய்வு பெற்ற நர்ஸ்

மதினி சொன்னதில் எனக்கு ஒரே ஒரு திருத்தம். பழைய வேட்டி நல்லதுதான், ஆனால் பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தால் அந்தத் துணி பிள்ளைக்கு ஆகாது. ஒரு நொதிக் குறைபாட்டோடு பிறக்கிற சில குழந்தைகளுக்கு அந்த உருண்டையின் நெடியாலேயே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. ஆகவே உருண்டை போடாத துணியாக எடுத்து, துவைத்து, நல்ல வெயிலில் காயவையுங்கள்.

சீனித்தண்ணீர், தேன், கழுதைப்பால், சேனை (பிறந்த பிள்ளை நாக்கில் தொட்டு வைக்கிற முதல் இனிப்பு) வைப்பதற்கென்று வெள்ளிக் கிண்ணம், இவை எதுவும் பைக்குள் வரக் கூடாது. முதலில் சுரக்கிற மஞ்சள் நிறச் சீம்பால்தான் குழந்தைக்கு வேண்டியது. பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போட்டுவிட வேண்டும். கொஞ்சமாகத்தானே வருகிறது என்று பாட்டிமார் பதறுவார்கள். முதல் நாள் பிள்ளையின் வயிற்றுக்கு அந்தக் கொஞ்சம் போதும். புட்டியும் பால்பவுடரும் முன்கூட்டியே வாங்காதீர்கள், கையில் இருந்தால் கொடுக்கத்தான் தோன்றும். கண்மையும் வேண்டாம்.

அழகர் விஷயம். ரத்தக்கொதிப்பு இருக்கிறவர்களைப் பெரும்பாலும் குறித்த தேதிவரை காத்திருக்க விடமாட்டார்கள். அடுத்த முறை பார்க்கப் போகும்போது "எந்தத் தேதிக்கு வந்து சேர வேண்டும்" என்று கேளுங்கள். திருவிழா நெரிசலையும் சொல்லுங்கள். அதற்கு முன்பே தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, மேல்வயிறு வலித்தாலோ, உதிரம் பட்டாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ பையைத் தேடிக்கொண்டு நிற்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டும். உடைந்த நேரத்தையும் தண்ணீரின் நிறத்தையும் கவனித்துச் சொல்லுங்கள், பச்சையாக இருந்தால் முதல் வார்த்தையே அதுவாக இருக்கட்டும். பை பின்னால் வரலாம்.

இன்னொன்று, உங்கள் ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் குழந்தையின் பிரிவைப் பார்த்துவிட்டு 72 மணி நேரத்துக்குள் ஓர் ஊசி போட வேண்டியிருக்கும். கூட இருப்பவர் அதை ஞாபகப்படுத்தலாம், தப்பில்லை.

நரிமேட்டுத் தகப்பன்

ஆம்பளை ஒருத்தன் நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். பையைக் கவிழ்க்கிற ஜாதி நாங்கள்தான் என்பதால் சொல்கிறேன்: ஒவ்வொரு பையிலும் பெரிய எழுத்தில் 'பிள்ளை', 'அம்மா' என்று எழுதி ஒட்டுங்கள். போன் சார்ஜரோடு நீளமான வயர் ஒன்று. எங்களுக்குப் பிளக் பாயிண்ட் கிடைத்த இடம் மாடிப்படி ஓரம், அரை மணி நேரம் நின்றே சார்ஜ் போட்டேன். உங்கள் வீட்டுக்காரருக்கும் சொல்லிவிடுங்கள்: எதிர்சேவை ராத்திரி திருப்பூர் பஸ் ஆரப்பாளையத்தில் இறக்கிவிட்டால் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கிடைப்பதெல்லாம் அழகர் அருள்தான். இரண்டு நாள் முன்பே லீவு போட்டு வரச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் வீடு எதுவும் இல்லையா?

அப்பன்திருப்பதி பொண்ணு

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு நாளாக வேலை இதுதான். மதினி சொன்னபடி நாலாகப் பிரித்துவிட்டேன். எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, "பிள்ளைக்குத் துணி" என்று நான் கத்த, அப்பா எடுக்க வேண்டும் என்று சோதனை வைத்தேன். முதல் தடவை ஒயர் கூடையிலிருந்து விசிறியை நீட்டினார். மூன்றாவது தடவை சரியாக எடுத்துவிட்டார்.

பீரோவைத் திறந்தால் பாச்சை உருண்டை நெடிதான் முதலில் வருகிறது, நல்லவேளை சொன்னீர்கள் நர்ஸம்மா. அய்யாவின் வேட்டியில் அன்றாடம் கட்டுவது இரண்டைக் கிழித்துத் துவைத்துப் போட்டிருக்கிறேன். என் ரத்தப் பிரிவு பி பாசிட்டிவ், அதனால் அந்த ஊசிக் கவலை இல்லை.

நேற்று பெரியாஸ்பத்திரியில் கேட்டேன். 38 வாரம் ஆனதும் வரச் சொல்லியிருக்கிறார்கள், சேர்ப்பதா வேண்டாமா என்று அன்றைக்குப் பார்த்துச் சொல்வார்களாம். அப்படிப் பார்த்தால் திருவிழாக் கூட்டத்துக்கு முன்பே உள்ளே போய்விடுவேன். சேர்க்காமல் திருப்பி அனுப்பினால் பீபீகுளத்தில் சின்னம்மா வீடு இருக்கிறது. ஆனால் இரண்டாவது மாடி, அதுதான் யோசனையாக இருக்கிறது.

வீட்டுக்காரர் லீவு சொல்லிவிட்டார். அம்மாச்சி மட்டும் சேனை விஷயத்தை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளிக் கிண்ணத்தை நேற்றுப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தது. கிராமத்து நர்ஸக்கா சனிக்கிழமை வருகிறார், அவரையே பேச வைக்கிறேன்.