டயர் பிரஷர் விளக்கை நம்பலாமா? பட்டவங்க எழுதுங்க

தேரிக்காட்டான்:
திசையன்விளை – உவரி ரோட்டுல உடமுள் குத்திட்டு. முன் இடது டயர் 33-லேந்து 27 பிஎஸ்ஐக்கு இறங்கிக் கிடக்கு, போர்டுல விளக்கு எரியவே இல்ல. கேஜ் வச்ச பிறவுதான் தெரிஞ்சுது. டயருக்கு உள்ள சென்சார் கிடையாது, ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாம பாத்துக்கிடுத அமைப்பு) அளக்குத சக்கர வேகத்தை வச்சுக் கணக்குப் போடுத வகை.

அலைன்மென்ட் வண்ணாரப்பேட்டை:
அண்ணாச்சி, அது கோளாறு இல்ல. ஐரோப்பிய விதியில சுமார் 20 சதவீதம், அமெரிக்காவுல 25 சதவீதம் இறங்கினாத்தான் எரியணும். 33-க்கு 20 சதவீதம்னா 26.4. உங்க 27 அதுக்கு மேல. காத்து குறைஞ்ச சக்கரத்துக்கு உருளுத ஆரம் குறையும், மத்ததவிட வேகமாச் சுத்தும். அந்த வித்தியாசத்தைத்தான் அது பிடிக்குது. நாலு டயரும் ஒண்ணா இறங்குனா சாதா வகைக்குத் தெரியவே தெரியாது. இன்னொண்ணு: நாங்குநேரி பக்கம் நாலுவழிச்சாலைல ஓடிவந்த சூட்டுலயே காத்தடிச்சு 'இதுதான் சரியான அளவு'ன்னு வண்டிக்குச் சொல்லுத செட் பட்டனை அமுக்கிருதாங்க. 5, 6 டிகிரிக்கு ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ ஏறும். ராத்திரி ஆறுனதும் நிஜ அளவு கீழ நிக்கும்.

கூடங்குளம் காத்து:
உள்ள சென்சார் வச்ச வண்டி மட்டும் யோக்கியமா? வால்வுக்குள்ள காத்தை அடைச்சு நிக்குத பின்னைத் திருகும்போது அலுமினியத் தண்டு 'டிக்'குன்னு முறிஞ்சு கையோட வந்துட்டு. அலுமினியத் தண்டுல பித்தளைப் பின் போட்டா, உப்புக்காத்துல ரெண்டும் அரிச்சு ஒட்டிக்கிடும். நிக்கல் பூசின பின்தான் போடணும். மூடி பிளாஸ்டிக் போதும், பளபள உலோக மூடி வேண்டாம்.

மணிமுத்தாறு பெரியவர்:
யாரும் கேக்கல, ஆனாலும் சொல்லுதேன். சாவி போட்டதும் விளக்கு ஒரு நிமிசத்துக்கும் மேல மினுக்கிட்டு, அப்புறம் அணையாம நின்னு எரிஞ்சா, அது காத்துக் குறைவு இல்ல, சென்சார் பேசல. பேட்டரி 5லேந்து 10 வருசம்; உள்ளயே பசை ஊத்தி அடைச்சிருப்பான், மாத்த முடியாது, முழு சென்சாரையும்தான் மாத்தணும். டயர் கழட்டுதப்ப விளிம்பை வால்வுக்குப் பக்கத்துல அமுக்க விடாதீங்க, சென்சார் நொறுங்கும். அடுத்த டயர் போடும்போது ரப்பர் வாசர், பின் ரெண்டும் புதுசு. பஞ்சர் அடைக்குத திரவம் ஊத்தினா சென்சார் துளையும் அடைபடலாம். ஸ்டெப்னிக்குப் பெரும்பாலும் சென்சார் இருக்காது, அதைக் கேஜ்லதான் பாக்கணும். அப்புறம் மாஞ்சோலை மலை ஏறுனா டயர் அளவு ஏறும்பாங்க. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஒண்ணரை பிஎஸ்ஐ ஏறத்தான் செய்யும். மேல குளிருததுல ஒரு பிஎஸ்ஐ இறங்கிரும். மலையில வச்சு காத்தைப் பிடுங்காதீங்க.

தேரிக்காட்டான்:
சதவீதக் கணக்கு சரிதான் வே. ஆனா 27-ல ஆளேத்திக்கிட்டு கன்னியாகுமரி வரை ஓட்டுனா டயரு ஓரம் என்னத்துக்கு ஆகும்? வால்வு மூடிக்குப் பதிலா வெளியே திருகுத சென்சார் போடலாமா?

அலைன்மென்ட் வண்ணாரப்பேட்டை:
போடலாம், ஒவ்வொரு பிஎஸ்ஐயும் காட்டும். ஆனா நீள ரப்பர் வால்வுல வேண்டாம். கனம் தாங்காம அடியில வெடிப்பு விடும். குட்டை வால்வு இல்லன்னா உலோக வால்வு மாத்திட்டுப் போடுங்க. உடமுள்ளு தெரிஞ்சா அங்கனயே பிடுங்கிராதீங்க. காத்தடிச்சு, முள்ளோடயே மெதுவா கடைக்கு ஓட்டிட்டு வாங்க. பிடுங்கினா ரோட்டுலயே உக்காந்துரும்.