குழாய்த் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? உதவி தேவை

மூன்று வாரமாகக் குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை. டீ போட்டால் மேலே மெல்லிய படலம், கெட்டில் அடியில் வெள்ளைப் பொருக்கு. பாட்டில் தண்ணீரில் இரண்டுமே இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் குழாய் 410, பாட்டில் 60 (லிட்டருக்கு மில்லிகிராம்). லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் சுவை நன்றாகவே இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரி, ஆனால் கிருமியையோ ஈயத்தையோ அந்த மீட்டர் காட்டாதே, அதுதான் பயம்.

திறந்த பாத்திரத்தில் இரவு முழுக்க வைத்தேன், வாடை போனது. கொதிக்க வைத்து வடிகட்டினேன், பொருக்கு குறைந்தது. அப்புறம் குழாய் முனை வலையையும் கழற்றிக் கழுவியாயிற்று. வீட்டில் இருப்பது பழைய இரும்புக் குழாய். எட்டு மாதக் குழந்தைக்கு இப்போதுதான் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்திருக்கிறோம்.

பாட்டில் தண்ணீரை நிறுத்துவதற்கு முன், ஆய்வகத்தில் எந்தெந்தச் சோதனைகளைக் கேட்டுச் செய்ய வேண்டும்?