புதுப்பிப்பு: தென்னாப்பிரிக்காவில் 'படையாச்சி' குடும்பப்பெயரின் தொடக்கம்

எங்கள் குடும்பத்தின் ஒரு கிளை தென்னாப்பிரிக்காவில் 'படையாச்சி' என்ற குடும்பப்பெயருடன் வாழ்கிறது. அதன் தொடக்கத்தை எங்கே தேடுவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. விடை கிடைத்துவிட்டது.

பெயரை விட்டுவிட்டுக் குடியேற்ற எண்ணைத் தேடுங்கள் என்ற யோசனைதான் பலித்தது. 1860 நவம்பரில் மதராசிலிருந்து டர்பன் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதிக்குச் சென்ற சுமார் 1,52,000 ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அத்தகைய எண்கள் தரப்பட்டன. உறவினர்களிடம் இருந்த பழைய திருமணச் சான்றிதழின் ஓரத்தில் மங்கிய மையில் தெரிந்த எண்ணைக் கொண்டு கப்பலில் வந்தவர்களின் பட்டியலைப் பார்த்தபோது, தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர் எல்லாம் ஒரே வரியில் இருந்தன. எழுத்துக்கூட்டல் பலவாறு மாறியிருப்பதால், பெயரை வைத்துத் தேடியிருந்தால் இது அகப்பட்டிருக்காது.

எதிர்பாராதது ஒன்று: அந்த வரியில் 'படையாச்சி' என்பது பெயருடன் இல்லை, சாதிக்குரிய கட்டத்தில்தான் இருந்தது. ஒற்றைப் பெயருடன் கரையிறங்கியவரின் பட்டம், பிள்ளைகளின் பதிவுகளில் குடும்பப்பெயராக நிலைத்திருக்கிறது. ஆகவே அங்குள்ள படையாச்சிகள் அனைவரும் ஒரே வம்சத்தார் என்று கொள்ள இடமில்லை. நாயுடு, பிள்ளை, முதலி ஆகிய பெயர்களுக்கும் இது பொருந்தும்.

மொரீஷியஸ் கிளையைத் தேடுவோர், மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களை அணுகலாம்.