வரையாட்டு வேடத்தில் ஊட்டி மலர்க் கண்காட்சிக்குச் செல்லலாமா?

குன்னூர்_தையல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குன்னூரில் சிறிய தையற்கடை நடத்துகிறேன். கடந்த ஐந்து மாதங்களாக, கடையை அடைத்த பிறகு இரவில் உட்கார்ந்து, தலை முதல் கால் வரை மூடும் வரையாட்டு வேடம் ஒன்றைத் தைத்து முடித்திருக்கிறேன். வரையாடுதான் தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்பது மலையில் பிறந்து வளர்ந்த பலருக்கே தெரிவதில்லை. முக்குருத்தி பக்கம் போனவர்களைத் தவிர மற்றவர்கள் அதைப் படத்தில் பார்த்ததோடு சரி. எனவே மே மாதம் ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும்போது, சேரிங் கிராஸிலிருந்து பூங்கா வாயில் வரை அந்த வேடத்தில் நடந்து, குழந்தைகளோடு படம் எடுத்துக்கொண்டு, தம்பி கையில் ஒரு தகவல் அட்டையைக் கொடுத்து அனைவருக்கும் காட்டச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

உடலுக்குக் கரும்பழுப்பு நிறத்தில் செயற்கை உரோமத் துணி, முதுகில் வயதான கிடாவுக்கு இருக்கும் வெளிறிய சேணத்தடம், செருப்பு தைப்பவர்கள் பயன்படுத்தும் ஃபோம் அட்டையில் வெட்டி ஒட்டிய வளைந்த கொம்புகள். எங்கள் தெரு மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தபோது தலை மட்டும் 1 கிலோ 700 கிராம், முழுவதும் சேர்த்து 5 கிலோ 400 கிராம் இருந்தது. கண்ணுக்கு மெல்லிய பிளாஸ்டிக் தாள் பதித்திருக்கிறேன்.

இதற்கு யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? ஊட்டிக் குளிரில் உள்ளே வேர்க்காது என்று நம்புகிறேன், அது சரிதானா? கூட்டத்தில் வாலைப் பிடித்து இழுப்பவர்களை எப்படிச் சமாளிப்பது? "கல்யாண வயசுல ஆட்டுத்தோலைப் போர்த்திக்கிட்டு ஊர் நடுவுல நிக்கப் போறியா" என்று அம்மா கேட்கிறார். உண்மையைச் சொன்னால், தலையை மாட்டிக்கொண்ட பிறகு எனக்கு வெட்கமே இல்லை. அத்தனை பேர் நடுவில் அதைக் கழற்றும் நிமிடத்தை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

பொம்மைக்குள்_பத்தாண்டு எழுதியது:

தங்கைக்கு வணக்கம். கோயம்புத்தூரில் திருமண மண்டப வாசலிலும் நகைக்கடைத் திறப்பு விழாக்களிலும் கை அசைக்கும் கரடிப் பொம்மைக்குள் இருப்பவன் நான். சீசனில் ஊட்டிக்கும் அழைப்பார்கள். முதலில் உங்கள் இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எல்லோரும் ஏமாறுவது அங்கேதான்.

வெளியே எவ்வளவு குளிர் என்பது உள்ளே இருப்பவருக்குப் பொருட்டே இல்லை. வேர்வை உடம்பைக் குளிர்விக்க வேண்டுமானால் அது காற்றில் ஆவியாக வேண்டும். உரோமத் துணிக்கும் ஃபோமுக்கும் நடுவில் அந்தக் காற்றுக்கு வழி கிடையாது. எனவே 18 டிகிரியில் நின்றாலும் பத்து நிமிடத்தில் முதுகில் வேர்வை வழியத் தொடங்கும், பூங்காவை நோக்கி ஏறி நடந்தால் அதற்கும் முன்பே வழியும். நான் ஒரு தடவைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் உள்ளே இருப்பதில்லை. பிறகு குறைந்தது அதே அளவு நேரம் தலையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். தலைவலி, குமட்டல், காரணமில்லாத சிலிர்ப்பு, வேர்த்துக்கொண்டிருந்தது திடீரென்று நின்றுபோவது ஆகியவற்றில் எது வந்தாலும், எதிரே எத்தனை குழந்தைகள் நின்றாலும், அந்த இடத்திலேயே தலையைக் கழற்றிவிடுங்கள். அவர்கள் ஏமாந்துபோவார்களே என்று நான் ஒருமுறை பொறுத்துக்கொண்டேன். கண் விழித்தபோது மண்டபத்துச் சமையற்கட்டில் படுத்திருந்தேன், யாரோ முகத்தில் மோர் தெளித்திருந்தார்கள்.

மலைக்கென்று இன்னொரு ஆபத்து உண்டு. கோயம்புத்தூரில் தலையைக் கழற்றினால் சுகமாக இருக்கும், ஊட்டியில் கழற்றினால் நனைந்த பனியன் மேல் குளிர்காற்று நேராக அடிக்கும். உள்ளே பருத்திப் பனியனும் தலைக்குப் பருத்தித் துணித் தொப்பியும் அணிந்துகொண்டு, மாற்றிக்கொள்ள இரண்டு உலர்ந்த பனியன்களும் ஒரு சால்வையும் தம்பியின் பையில் வைத்திருங்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் வேண்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிக்குத் தடை இருப்பதால், எவர்சில்வர் புட்டியில் நீண்ட உறிஞ்சுகுழாய் ஒன்றைப் போட்டுக்கொண்டால் தலையைக் கழற்றாமலே வாய்த் துளை வழியாகக் குடித்துக்கொள்ளலாம்.

கண்ணிலிருக்கும் பிளாஸ்டிக் தாளை இன்றே பிடுங்கி எறியுங்கள். உள்ளே உங்கள் மூச்சின் சூடு, வெளியே மூடுபனியின் குளிர். ஐந்து நிமிடத்தில் அது பேருந்துக் கண்ணாடி போல வெளுத்துவிடும், நீங்களோ கொம்போடு கண் தெரியாமல் நிற்பீர்கள். கறுப்பு வலைத்துணியை இரண்டு மடிப்பாகப் போட்டால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது கண்மணியாகவே தெரியும், உங்களுக்கும் முன்னால் இருப்பது தெரியும். அப்போதும் காலடியும் பக்கவாட்டும் தெரியாது. ஆகவே தம்பி தகவல் அட்டையைத் தூக்கிக் காட்டுவதற்காக வருகிறார் என்று எண்ணாதீர்கள், உங்கள் கண்ணாகத்தான் வருகிறார். அட்டைக்கு வேறு ஆள் பாருங்கள். தோளில் ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் படி, நீங்கள் இரண்டு கைகளையும் கொம்பில் வைத்தால் உடனே வெளியே அழைத்துப்போ. இப்படி நான்கைந்து குறிகளைப் பேசி வைத்துக்கொண்டு, வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழகுங்கள்.

வாலைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், வரையாட்டுக்கு வால் குட்டைதான், அந்த வகையில் தப்பித்தீர்கள். ஆனால் உள்ளே இருப்பது பெண் என்று குரலில் தெரிந்துவிட்டால் கட்டிப்பிடித்துப் படம் எடுக்க வரும் இளைஞர்களின் கூட்டமே மாறிவிடும் என்பதை உடன் வேலை செய்த பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனவே வாயைத் திறக்காதீர்கள். முதுகைச் சுவர் பக்கமோ தம்பி பக்கமோ வைத்து நில்லுங்கள். குழந்தைகளிடம் நீங்களாகப் போகாதீர்கள்; மண்டியிட்டு, சற்றுப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தால் வர விரும்பும் குழந்தை தானாக வரும். அழும் குழந்தையைப் பெற்றோர் உங்கள் மடியில் திணிக்கப் பார்ப்பார்கள், அதற்குத் தலையாட்டி மறுத்துவிடலாம். எந்தக் குழந்தையையும் தூக்க வேண்டாம், ஏனென்றால் குளம்புக் கையுறையில் பிடிமானம் இருக்காது.

நீதிமன்றச்_சாலை எழுதியது:

அனுமதி பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். விலங்கு வேடம் அணிந்து தெருவில் நடப்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. வழியை மறித்துக் கூட்டம் சேர்ந்து, பிறருக்கு இடைஞ்சல் என்ற நிலை வந்தால்தான் சிக்கல். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பொதுத் தொல்லைக்கு 1,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. சீசன் நாளில் சேரிங் கிராஸில் ஒரு ஆட்டோ நின்றாலே போக்குவரத்து ஸ்தம்பிக்கிறது என்பதால், காவல் நிலையத்தில் முன்கூட்டி ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். பூங்கா தோட்டக்கலைத் துறையின் பொறுப்பில் இருப்பதால் உள்ளே செல்ல அவர்களிடம் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். காவலர் கேட்டால் தயங்காமல் தலையைக் கழற்றி முகம் காட்டுங்கள். உண்மையான கொம்பையோ தோலையோ யாராவது அன்பளிப்பாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள், வரையாடு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. இதைப் படித்து வேறு வேடம் போட எண்ணுபவர்களுக்கு ஒரு சொல்: பக்கத்திலேயே ராணுவ முகாம் உள்ள வெலிங்டன் இருக்கிறது, படைவீரர் சீருடையைப் போன்ற உடையில் தம்மைப் படைவீரர் என்று பிறர் நம்பும்படி நடமாடுவது தனிக் குற்றம்.

கோத்தகிரி_மேடு எழுதியது:

சகோதரி, ஊட்டியைப் பற்றி அனைவரும் சொல்லிவிட்டார்கள். நீங்கள் ஒத்திகை பார்க்கப்போவது குன்னூரில் அல்லவா, எனக்கு அதுதான் கவலை. மாலை ஐந்து மணிக்கு மேல், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சாலையில், தயவுசெய்து இந்த வேடத்தோடு நடக்காதீர்கள். நம் ஊர்ப்பக்கம் கரடி விளக்கில் ஊற்றிய எண்ணெயைத் தேடிக் கோயிலுக்குள் வருவதும், காட்டுமாடு வீட்டு வாசலில் நின்று மேய்வதும் அன்றாடம் பார்ப்பவை. மங்கிய வெளிச்சத்தில், மூடுபனிக்கு நடுவே, கரும்பழுப்பு உரோமத்தோடு இரண்டு காலில் நிமிர்ந்து வரும் உருவத்தை வரையாடு என்று யார் நினைப்பார்கள்? கரடி என்றுதான் நினைப்பார்கள். கல்லெறிவார்கள், அல்லது பயந்து ஓடிப் பள்ளத்தில் விழுவார்கள். இதைவிடப் பெரிய கவலை, வேடத்துக்குள் இருக்கும் உங்களுக்கு முன்னால் நிற்கும் காட்டுமாடு தெரியாது, அதன் செருமல் காதில் விழாது, கொம்பு மாட்டிய தலையோடு திரும்பி ஓடவும் முடியாது. முழு வளர்ச்சி அடைந்த கிடா மாடு ஆயிரம் கிலோவை நெருங்கும்.

தெருநாய்களுக்கும் இந்த உருவம் பிடிக்காது. என் மகன் பள்ளி ஆண்டு விழாவுக்குச் சிறுத்தை வேடம் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கியபோது, தினமும் அவன் கையால் பிஸ்கட் வாங்கித் தின்னும் நாயே காதை மடக்கி உறுமியது. அவன் தலையைக் கழற்றி வாசனை காட்டிய பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. காலை பத்து மணிக்கு மேல், ஆள் நடமாட்டமுள்ள தெருவில், குச்சி வைத்திருக்கும் ஒருவரோடு ஒத்திகை பாருங்கள். குளம்புக்கு அடியில் நல்ல ரப்பர் அடிப்பாகம் ஒட்டியிருக்கிறீர்களா? ஈரமான புல்லில் ஃபோம் வழுக்கும்.

தெற்கத்தியான் எழுதியது:

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். வேலைக்காக ஊட்டிக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. தங்கையின் அம்மா கேட்ட கேள்விக்கு இங்கே யாரும் பதில் சொல்லவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன். எங்கள் குலசேகரப்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் தசரா என்றால், காளி, குரங்கு, கரடி, ராஜா, குறவன் என்று ஊர் ஊராக வேடம் கட்டிக்கொண்டு விரதத்தோடு தெருவில் இறங்குவார்கள். கடன் வாங்கி வேடம் கட்டுபவர்களும் உண்டு, அரசு அலுவலகத்தில் கோப்புப் பார்ப்பவர்களும் உண்டு. நானே மூன்று ஆண்டுகள் கரடி வேடம் கட்டி வீடு வீடாகக் காணிக்கை கேட்டிருக்கிறேன். என் மேலதிகாரி வீட்டு வாசலிலும் தட்டை நீட்டினேன், அவர் காலைத் தொட வந்தார். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் இது நேர்த்தி என்பது பார்ப்பவருக்குத் தெரியும்.

ஊட்டியில் உங்களுக்கு அந்த வசதி இல்லை. இங்கே உரோம உடையில் ஒருவரைக் கண்டால் மக்களுக்கு இரண்டே எண்ணம்தான் வரும்: ஒன்று, ஏதோ கடை விளம்பரம், இல்லையென்றால், படம் எடுத்ததும் காசு கேட்கும் ஆள். அந்த எண்ணம் இருக்கும் வரை மாநில விலங்கைப் பற்றி நீங்கள் சொல்வது எதுவும் காதில் ஏறாது. தகவல் அட்டையின் முதல் வரியிலேயே, பெரிய எழுத்தில், "பணம் வாங்குவதில்லை" என்று எழுதிவிடுங்கள். விலங்கின் பெயர் அதற்குக் கீழே வரட்டும்.

கழற்றும்போது வரும் கூச்சத்துக்கு எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் யாரும் தலையைக் கழற்ற மாட்டோம். எந்த வீட்டுத் திண்ணையில், எந்தக் கடையின் பின்கட்டில் கழற்றுவது என்பதை வேடம் கட்டாத ஒருவர் முன்னாலேயே போய்ப் பேசி வைத்துவிடுவார். உங்கள் வழியில் தெரிந்த கடைகள் இரண்டைப் பிடித்து வையுங்கள். மயக்கம் வருகிறது என்றால் மட்டும் பொம்மைக்கார அண்ணன் சொன்னதுதான் சரி. அங்கே வழக்கமும் கிடையாது, கூச்சமும் கிடையாது.

குன்னூர்_தையல் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்றுக் காலை பத்தரை மணிக்கு எங்கள் தெருவில் ஒத்திகை பார்த்தேன். பிளாஸ்டிக் தாளைப் பிடுங்கிவிட்டுக் கறுப்பு வலைத்துணி தைத்திருந்ததால் எதிரே வந்த பால்காரரின் வண்டி வரை தெரிந்தது. பதினான்காவது நிமிடத்திலேயே கொம்பில் கை வைத்துவிட்டேன். அண்ணன் சொன்ன இருபது நிமிடம் எனக்கு இன்னும் எட்டவில்லை. உள்ளே போட்டிருந்த பனியனைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. ஊட்டியில் கழற்றுவதற்கு ஒரு ஸ்வெட்டர் கடையும், தெரிந்தவரின் வர்க்கிக் கடையும் சொல்லி வைத்தாயிற்று.

இறக்கத்தில் வலது காலின் குளம்பு கழன்று விழுந்தது. அதைக் கவனிக்காமல் நான் மண்டியிட்டு உட்கார்ந்து, எதிர்வீட்டுச் சிறுமி பக்கத்தில் வரட்டும் என்று காத்திருந்தேன். அவள் வந்தாள், கொம்பைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு என் காலையே வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆட்டுக்குள்ள தையலக்கா இருக்காங்க, அது அவங்க செருப்பு" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டார்.

இரண்டு சந்தேகங்கள் மிச்சமிருக்கின்றன. குளம்பை இனி ஒட்டாமல் கம்பூட்டின் மேலேயே வைத்துத் தைத்துவிடலாமா? கொம்போடு தலை பேருந்து வாசலில் நுழையவில்லை. ஊட்டி வரை அதை எப்படிக் கொண்டுபோவது?

பொம்மைக்குள்_பத்தாண்டு எழுதியது:

கம்பூட்டே சரி, ஒரு எண் பெரியதாக வாங்கிக் கனத்த காலுறை போட்டுக்கொள்ளுங்கள். கொம்பின் அடியில் வெல்க்ரோ பட்டை வைத்துத் தைத்தால் கழற்றித் தனியாகப் பையில் வைத்துக்கொள்ளலாம், யாராவது பிடித்து இழுத்தாலும் கொம்புதான் போகும், கழுத்து சுளுக்காது. வீடு திரும்பியதும் தலையை உள்வெளியாகத் திருப்பி அடுப்படிப் பக்கம் காயப்போடுங்கள். உங்கள் ஊர் ஈரத்தில் பெட்டிக்குள் வைத்தீர்களானால் மூன்றாம் நாள் பூஞ்சை பிடித்துவிடும்.