பி.பி.சி. மைக்ரோ: நிற்காத ஒலியும் பவர் சப்ளையில் புகையும்

கேள்வி

எங்கள் ஊர்ப் பள்ளியொன்றின் பண்டக அறையைக் காலி செய்தபோது, 1980-களின் பிரிட்டிஷ் கணினியான பி.பி.சி. மைக்ரோ மாடல் பி ஒன்று என் கைக்கு வந்தது. 1984-இல் தொடங்கிய பள்ளிகளுக்கான கணினிக் கல்வித் திட்டமான ‘கிளாஸ்’ திட்டத்தின்கீழ் அந்தப் பள்ளிக்கு வழங்கப்பட்டதாக இருக்கலாம். சுவிட்சைப் போட்டதும் ஒரு நீண்ட ஒலியும் அதைத் தொடர்ந்து ஒரு குறுகிய ஒலியும் கேட்கவேண்டும் என்று படித்திருக்கிறேன். ஆனால் இதில் முதல் ஒலியே ஓயாமல் நீள்கிறது. திரையில் எதுவும் வருவதில்லை. சிறிது நேரத்தில் பெட்டியின் இடப்பக்கத்திலிருந்து வெண்புகையும் தாங்கமுடியாத நாற்றமும் கிளம்பவே, பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். போர்டு முழுவதும் பழுதாகிவிட்டதா? என்னிடம் மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் உள்ளன, ஆசிலாஸ்கோப் (மின்னலைகளைத் திரையில் காட்டும் கருவி) இல்லை.

பதில் 1

அஞ்சவேண்டாம், பெரும்பாலும் இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பழுதுகள். முதலில் புகையைக் கவனியுங்கள். பவர் சப்ளைக்குள் மின்சாரம் நுழையும் இடத்தில், மின்னிரைச்சலை வடிகட்டுவதற்காக 0.1 மைக்ரோஃபாரட், 0.01 மைக்ரோஃபாரட் அளவுகளில் இரண்டு கண்டன்சர்கள் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் உறுப்புகள்) உண்டு. உலோகம் பூசிய தாளைச் சுருட்டி எபாக்சியில் அடைத்த வகை அவை. வயதாக ஆக உறையில் மயிரிழை போன்ற விரிசல் விழுந்து, தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பல ஆண்டுகள் கழித்து மின்சாரம் பாயும்போது வெந்து புகைகிறது. புகைந்த பின்னும் கணினி ஓடுவதற்குக் காரணம், அவை வடிகட்டிகள் மட்டுமே என்பதுதான்.

பெட்டியின் அடியிலுள்ள மூன்று திருகாணிகளைக் கழற்றினால் பவர் சப்ளை தனியாக வந்துவிடும். அதைத் திறப்பதற்குமுன் ஓர் எச்சரிக்கை: உள்ளிருக்கும் பெரிய கண்டன்சரில் சுமார் 320 வோல்ட் தங்கியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்று நம்பிக் கைவைக்காமல், மீட்டரில் அளந்து பார்த்து, தேவையானால் ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை வடியவிடுங்கள். கருகிய ஒன்றை மட்டுமல்லாமல் இரண்டையுமே மாற்றிவிடுவது நல்லது. கடையில் 275 வோல்ட் ஏ.சி., எக்ஸ்2 வகை (வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இணைப்பதற்கான பாதுகாப்பு வகை), பாலிப்ரொப்பிலீன் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். மின்விசிறிக் கண்டன்சரை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். சோதிக்கும்போது போர்டுடன் இணைக்காமல், 5 வோல்ட் முனையில் 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சுமையாக வைத்து அளவிடுங்கள்.

பதில் 2

மேலே சொன்னதோடு, பவர் சப்ளையிலுள்ள மற்றக் கண்டன்சர்கள் அனைத்தையும் ஒரேயடியாக மாற்றிவிடுவது பாதுகாப்பு என்பது என் கருத்து.

பதில் 3

அதில் எனக்கு உடன்பாடில்லை. வோல்டேஜ் நிலையாக இருக்கும் ஒரு பவர் சப்ளையில் எல்லாவற்றையும் பிடுங்கி மாற்றினால், பழைய போர்டின் செம்புத் தடம் பெயர்ந்து, இல்லாத பழுதை நாமே உண்டாக்கிவிடுவோம். உப்பியதையும் கசிந்ததையும் மட்டும் மாற்றினால் போதும்.

இனி ஒலியைப் பார்ப்போம். மின்சாரம் வந்தவுடன் ஒலிச் சிப் தானாகவே ஒலிக்கத் தொடங்கிவிடும். அதை அடக்குவது ரோமிலுள்ள (நிரல் நிலையாகப் பதிந்த நினைவகச் சிப்) இயங்குதளத்தின் வேலை. ஆகவே ஒலி ஓயவில்லை என்றால், 6502 பிராசசர் அந்த நிரலை எட்டவில்லை என்று கொள்ளலாம். முதலில் பிரேக் விசையை அழுத்திப் பாருங்கள். அழுத்தி விட்டதும் கணினி எழுந்துவிட்டால், தொடக்கத்தில் பிராசசருக்கு ரீசெட் (முதலிலிருந்து தொடங்கச் சொல்லும் சைகை) கொடுக்கும் 555 டைமர் சுற்றில்தான் கோளாறு. எழவில்லையானால் 6502-இன் 8-ஆம் காலில் 5 வோல்ட் இருக்கிறதா, 40-ஆம் கால் உயர்நிலையில் நிற்கிறதா என்று அளந்து பாருங்கள். விலை மலிவான லாஜிக் புரோப் (சிப்பின் காலில் துடிப்பு இருக்கிறதா என்று காட்டும் சிறு கருவி) ஒன்று கிடைத்தால் 37-ஆம் காலில் கடிகாரத் துடிப்பையும், 7-ஆம் காலில் ஆணைகளைப் படிக்கும் துடிப்பையும் பார்த்துவிடலாம்; ஆசிலாஸ்கோப் தேவைப்படாது.

5 வோல்ட்டை பவர் சப்ளையின் முனையில் மட்டும் அளந்து நிறைவடையவேண்டாம். மூன்று சிவப்புக் கம்பிகள் போர்டின் மூன்று இடங்களுக்குத் தனித்தனியே செல்கின்றன. அவற்றின் தகட்டு இணைப்புகளில் ஒன்று களிம்பேறினாலும், போர்டின் ஒரு பகுதி மட்டும் பட்டினி கிடக்கும். சிப்பின் காலிலேயே அளவெடுங்கள், 4.75-க்குக் கீழே போகக்கூடாது. அதன்பின் ரோம்களைச் சாக்கெட்டிலிருந்து எடுத்து, கறுத்த கால்களை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மீண்டும் பொருத்துங்கள். விசைப்பலகை போன்ற உள்ளீடு, வெளியீடுகளைக் கையாளும் 6522 சிப்புகள் இரண்டும் சாக்கெட்டில் இருந்தால், அவற்றை இடம் மாற்றிப் பார்ப்பதும் செலவில்லாத சோதனை.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. கண்டன்சர்கள் இரண்டையும் மாற்றினேன். பவர் சப்ளை சுமையுடன் 5.05 வோல்ட் தந்தது. ஆனால் ரோம் சாக்கெட்டில் 4.4 மட்டுமே இருந்தது. ஒரு சிவப்புக் கம்பியின் இணைப்பு பச்சை பூத்துத் தளர்ந்திருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கியதும் இரட்டை ஒலி கேட்டது, திரையில் ‘பி.பி.சி. கம்ப்யூட்டர் 32கே’ என்ற வரியும் அதன்கீழ் ‘பேசிக்’ என்பதும் தோன்றின. வீடியோ சாக்கெட்டிலிருந்து டிவிக்குக் கம்பி கொடுத்திருக்கிறேன். படம் கறுப்பு வெள்ளையாகவே வருகிறது. இதுவும் பழுதா?

பதில் 3

இல்லை. அந்தச் சாக்கெட்டில் தொழிற்சாலை அமைப்பின்படியே நிறம் வராது. பிந்தைய வெளியீட்டுப் போர்டுகளில் எஸ்39 என்று அச்சிட்ட இணைப்பைச் சால்டர் செய்தால் நிறம் வரும். ஆனால் எழுத்துகளின் விளிம்பு சற்று மங்கும். ஆர்.ஜி.பி. (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியே செல்லும் இணைப்பு) வசதியுள்ள மானிட்டர் கிடைத்தால் போர்டைத் தொடாமல் அதையே பயன்படுத்துங்கள். திரைக்கான படத்தை உருவாக்கும் வீடியோ யூ.எல்.ஏ. சிப் கைசுடும் அளவுக்குச் சூடாகிறது என்றால், அதன்மேல் ஒரு ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) ஒட்டிவிடுங்கள்.