தோரப்பாடி வீடு குரூப்: நம்ம நாய் வீரனுக்கு வீக்கம்

லதா அத்தை: வீரனுக்கு நேத்து ராத்திரி வச்ச சோறு அப்படியே கீது. வலது கண்ணுக்குக் கீழ புஸ்ஸுனு வீங்கிப்போச்சு. போட்டோ பாருங்க

செந்தில்: தேனீ கொட்டியிருக்கும்

சுமதி பெரிம்மா: மஞ்சப் பத்து போடு லதா

பாபு மாமா: டோலோ அரை மாத்திரை மோர்ல கரைச்சு ஊத்து

கல்பனா: மாமா வேணாம்!! நம்ம மாத்திரை எதுவும் குடுக்காதீங்க. பாராசிட்டமால் நாய்க்கு ஈரலைக் கெடுத்துடும், பூனைக்கு உயிரே போயிடும். புரூஃபன் வயித்துல புண்ணு வச்சி கிட்னியையும் தாக்கும். அத்தை, இது பல்லு மாதிரி தெரியுது. மேல் தாடையில பின்பக்கம் பெரிய கடவாப்பல் ஒண்ணு இருக்கும், அதோட வேரு கண்ணுக்குக் கீழ வரைக்கும் போகும். பல்லு விரிசல் விட்டு கிருமி உள்ள போனா சீழ் கட்டி அங்கதான் வீங்கும். உதட்டைத் தூக்கி ஒரு போட்டோ எடுங்க. வலியில கடிச்சிடப் போவுது

லதா அத்தை: என்னைக் கடிக்காது

லதா அத்தை: (போட்டோ)

செந்தில்: அய்யோ இன்னா இவ்ளோ மஞ்சளா

லதா அத்தை: நாத்தம் வேற. ரொம்ப நாளா ஒரு பக்கமாதான் மெல்லுது

ரவி அண்ணன்: நாய் வாய்னா நாறத்தான் செய்யும்

கல்பனா: இல்லண்ணா. நாறுதுன்னா ஈறு கெட்டுப்போயிருக்கு. பல்லுல படியறது சில நாள்லயே காரையா இறுகிடும், அப்புறம் பிரஷ்ல போகாது

லதா அத்தை: ஞாயித்துக்கிழமையானா நல்லி எலும்பு போட்டது யாருன்னு கேளு

ரவி அண்ணன்: நைனாவும்தான் போட்டாரு

லதா அத்தை: நைனா படுக்கையில கெடந்தப்ப கட்டிலாண்டயே இருந்தது வீரன். வீட்டைப் பிரிச்சப்ப அதை மட்டும் என் தலையில கட்டுனீங்க

சுமதி பெரிம்மா: இப்ப எதுக்கு அது. காதுகுத்துக்கு வேன் சொல்லியாச்சா?

செந்தில்: வள்ளிமலைக்கு ஒரு வேன் பத்தாது பெரிம்மா

பாபு மாமா: இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா நான் சொல்லிடறேன்

சுமதி பெரிம்மா: போன தடவ முத்தலா வாங்கினு வந்தீங்க

கல்பனா: காதுகுத்து அப்புறம். இன்னிக்கே மாட்டாஸ்பத்திரியில காட்டணும். பல்லுக்கு எக்ஸ்ரே இங்க எடுக்க முடியலன்னா சென்னை வேப்பேரி கால்நடைக் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போலாம். அந்தப் பல்லைப் புடுங்கணும், இல்ல வேர் சிகிச்சை பண்ணணும், டாக்டர்தான் சொல்லணும். மத்த பல்லையும் அப்பவே சுத்தம் பண்ணிடுவாங்க

ரவி அண்ணன்: மயக்க மருந்து குடுப்பாங்களா? ஒம்போது வயசு ஆவுது

கல்பனா: குடுப்பாங்க. முன்னாடியே ரத்தம் எடுத்து கிட்னி, ஈரல் பாத்துட்டுதான் குடுப்பாங்க. முழிச்சிருக்கறப்போ மேலாப்புல சுரண்டினா பல்லு வெள்ளையாத் தெரியும், ஈறுக்கு அடியில இருக்கற காரை அப்படியே இருக்கும். நோவே அங்கதான்

ரவி அண்ணன்: எழுந்துக்கலன்னா

கல்பனா: பயம் எனக்கும் இருக்குண்ணா. ஆனா சீழோட விட்டா வலி தாங்காது அது. வாயில்லா ஜீவன், வலிக்குதுன்னு சொல்லத் தெரியாம சோத்தை விட்டுட்டு ஒக்காந்திருக்கு

செந்தில்: இனிமே நம்ம பேஸ்ட்டுல தேய்ச்சி விடலாமா

கல்பனா: கூடாது. அது துப்பாது, முழுங்கிடும். சில பேஸ்ட்டுல சைலிட்டால்னு ஒரு இனிப்பு இருக்கும், நாய்க்கு ரத்தத்துல சர்க்கரை சடார்னு எறங்கிடும். நாய்க்குன்னு தனி பேஸ்ட் விக்குது. இப்ப வாயிலயே கை வெக்காத. புண்ணு ஆறட்டும்

பாபு மாமா: வேப்பேரின்னா காட்பாடியில டிரெயின் ஏறிடு

கல்பனா: ஸ்லீப்பர்ல நாயை ஏத்த விடமாட்டாங்க மாமா. கார்தான்

லதா அத்தை: செலவு?

ரவி அண்ணன்: பாத்துக்கலாம்

லதா அத்தை: யாரு பாத்துக்கறது

சுமதி பெரிம்மா: மொதல்ல மாட்டாஸ்பத்திரிக்குக் கெளம்பு லதா. ரவி, கார் எங்க?

ரவி அண்ணன்: செந்தில்கிட்ட

செந்தில்: ஆற்காட்ல இருக்கேன்ணா. வர மூணு மணி ஆவும்

கல்பனா: நான் ஆட்டோ எடுத்துனு வரேன் அத்தை. பழைய ஊசிச் சீட்டை எடுத்து வைங்க

சுமதி பெரிம்மா: அப்ப வேனு ஒண்ணா ரெண்டா