காலில் ஒட்டிய கடற்கரைத் தாரைப் பாதுகாப்பாக நீக்குவது எப்படி?

கேள்வி: திருவான்மியூர் வாசகி

வணக்கம். கடற்கரையில் விளையாடிவிட்டு வந்த என் மகளின் உள்ளங்காலிலும் விரலிடுக்குகளிலும் கறுப்பான தார் அப்பிக்கொண்டிருக்கிறது. சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்ததில் தார் போகவில்லை. பாதம் முழுவதும் பழுப்பாக இழுவிக்கொண்டதுதான் மிச்சம். மண்ணெண்ணெயைத் தொட்டுத் துடைத்தால் உடனே போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். எட்டு வயதுக் குழந்தையின் தோலில் அதைத் தடவ மனம் வரவில்லை. அவள் குதிகாலில் சிறிய வெடிப்பு ஒன்றும் இருக்கிறது. வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே இதை நீக்க வழி உண்டா?

பதில் 1: பெசன்ட் நகர்க்காரர்

அம்மா, மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். பெட்ரோல், தின்னர், டர்பன்டைன் ஆகியவையும் அப்படியே. அவை தாரைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையையும் சேர்த்து உறிஞ்சி எரிச்சலை உண்டாக்கும். வெடிப்புள்ள பாதத்தில் அந்த எரிச்சல் இன்னும் கடுமையாக இருக்கும்.

தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ போதும். முதலில் பாதத்தைத் துடைத்து ஈரம் போக உலர்த்துங்கள். கட்டியாக நிற்கும் தார் மீது சிறிது நேரம் பனிக்கட்டியை வைத்தால் அது இறுகும். பிறகு கரண்டிக் காம்பால் மெதுவாக நெம்பி எடுத்துவிடலாம். மிச்சமிருக்கும் படலத்தின் மேல் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். அவசரப்பட்டுத் தேய்த்துவிடக் கூடாது. தாருக்குள் மணல் கலந்திருப்பதால், அழுத்தித் தேய்த்தால் உப்புத்தாள் போலத் தோலைச் சிராய்த்துவிடும். பழைய வேட்டித் துணியால் ஒற்றி ஒற்றி எடுங்கள். பஞ்சு வேண்டாம், அதன் இழைகள் தாரிலேயே ஒட்டிக்கொள்ளும். துணியில் கறுப்பு இறங்குவது நிற்கும்வரை எண்ணெய் விட்டு ஒற்றுவதைத் தொடர்ந்து, கடைசியாகச் சோப்பு போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

மேலே சொன்ன முறை சரியானது. அதன் காரணத்தையும் அறிந்துகொண்டால் பொறுமையாகச் செய்ய முடியும் என்பதால் எழுதுகிறேன். கப்பல்களிலிருந்து கசியும் எண்ணெயில் எளிதில் ஆவியாகும் பகுதிகள் வெயிலிலும் காற்றிலும் போய்விட, எஞ்சிய கனமான பகுதி அலைகளில் உருண்டு, மணலையும் கிளிஞ்சல் துணுக்குகளையும் சேர்த்துக்கொண்டு உருண்டையாகக் கரை ஒதுங்குகிறது. அதன் மேல்தோடு இறுகியிருந்தாலும் உள்ளே பிசுபிசுப்பாகவே இருக்கும். வெயிலில் சூடேறினால் இன்னும் இளகும். இது நீரில் கரையாது. வெந்நீர் அதை இளக்கிப் பரப்பிவிடுமே தவிர நீக்காது. தங்கள் மகளுக்கு நேர்ந்தது அதுதான். சமையல் எண்ணெய் தாருடன் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. அப்படி நீர்த்துப்போன பிறகுதான் சோப்பு அதை நீரோடு அடித்துச் செல்ல முடியும்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெய் மெரினாவையும் தாண்டித் தெற்கே பரவியதைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். மீனவர்களும் மாணவர்களும் வாளி வாளியாக அள்ளிய அந்தக் கசடு வேறு, காலில் ஒட்டும் சிறு உருண்டை வேறு. சிறிதளவு தார் சற்று நேரம் தோலில் பட்டால் பெரும்பாலோருக்குத் தீங்கு நேராது. எனவே பதற வேண்டியதில்லை.

பதில் 3: கொட்டிவாக்கம் செவிலியர்

குதிகால் வெடிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வெடிப்புக்குள் தார் இறங்கியிருந்தால் ஊசியாலோ நகத்தாலோ தோண்டாதீர்கள். சுற்றியுள்ள தாரை எண்ணெயால் நீக்கி, சோப்பு நீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடிவையுங்கள். சிவந்து வீங்கினாலோ, தடிப்போ சீழோ தென்பட்டாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கழுவி முடிக்கும்வரை குழந்தை தார் பட்ட கையோடு கண்ணைக் கசக்காமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. நல்லெண்ணெயிலேயே ஏறக்குறைய எல்லாம் வந்துவிட்டது. பெருவிரல் நகத்தின் ஓரத்தில் மட்டும் மெல்லிய கறுப்புக் கோடு நிற்கிறது. அதற்கும் இதே முறைதானா? அவளுடைய ரப்பர் செருப்பில் ஒட்டியிருப்பதை என்ன செய்வது?

பதில்: பெசன்ட் நகர்க்காரர்

நகத்தோரத்தில் இரவு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, காலையில் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சோப்பு போட்டு மெல்லத் தேய்த்தால் போய்விடும். செருப்புக்கும் எண்ணெயே போதும். ஆனால் ரப்பரில் எண்ணெய் ஊறினால் அது உப்பிவிடும் என்பதால், துடைத்தவுடன் பாத்திரம் துலக்கும் சோப்பால் கழுவிவிடுங்கள். தார் துடைத்த துணியை மற்றத் துணிகளோடு துவைக்கவோ சாக்கடையில் போடவோ வேண்டாம். காகிதத்தில் பொதிந்து குப்பையில் சேர்த்துவிடுங்கள்.